வாடகைக்கு விடாத தெரு

வக்கீலம்மாவை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு தையல் டேப்புதான். மஞ்சள் நிறம். ஒரு முனையில் தகரம் பிய்ந்து போயிருக்கும், நடுவில் எண்கள் அழிந்திருக்கும். அதன் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, "சுவத்தோட ஒட்டிப் பிடிம்மா, தளர விட்றாத" என்று சொல்லிவிட்டு, மறுநுனியை இழுத்துக்கொண்டு எங்கள் தெருவின் பன்னிரண்டு வீடுகளையும் அளந்தார். அளந்த இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு, மறுபடி அங்கிருந்து ஐந்தடி, மறுபடி ஒரு கோடு. நில அளவைக்காரர்கள் வைத்திருக்கும் நீளமான டேப்பை வாங்க அவருக்கு வசதி இல்லை. நல்ல வெயில். கறுப்புக் கோட்டை மடித்துத் தோளில் போட்டிருந்தார். தெரு ஆண்கள் டீக்கடையில் நின்று சிரித்தார்கள். இரண்டாவதாக ஞாபகத்துக்கு வருவது அவர் மீது எனக்குள்ள கோபம். அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் போடிக்கும் குரங்கணிக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள். தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் மச்சு வீடு. அய்யாவுக்கு மலைமேல் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் மூட்டைகளை அடுக்க மாடியில் ஒரு பெரிய கூடம் கட்டியிருந்தார். மற்றதெல்லாம் ஓட்டு வீடுகள். அந்த வீட்டுப் பெண்கள் போடிக் கடைகளில் ஏலக்காய் பொறுக்கிக் கூலி வாங்குகிறவர்கள். இன்னொரு விசேஷமும் எங்கள் தெருவுக்கு உண்டு. யாரும் வீட்டை வாடகைக்கு விட மாட்டார்கள். காலியாக இருந்தால் பங்காளியோ மச்சினன் வீட்டு ஆட்களோ வந்து இருந்துகொள்வார்கள். பொங்கலுக்கு ஒரு வாழைத்தார் கொண்டுவந்து வைப்பார்கள், அதோடு சரி. சொந்தக்காரனிடம் வாடகை கேட்டான் என்று பெயர் வாங்கினால் அந்த மனிதன் அப்புறம் ஒரு காதுகுத்துக்குக்கூடத் தலைநிமிர்ந்து போக முடியாது. இதைப் பெரிய மனசு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இதனால் ஒரு தெருவே அடி வாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, ராசிங்காபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிறார்களோ இல்லையோ, வீடு பார்க்க வருவார்கள். தூண் எத்தனை, கொல்லையில் மாடு எத்தனை என்று காபி குடித்துக்கொண்டே கண்ணால் எண்ணிவிடுவார்கள். எனக்கு அம்மா இல்லை. அதனால் எங்கள் வீட்டில் ஆட்கள் வந்தால் அடுப்படிக்கு எதிர்வீட்டு மதினிதான் வருவாள். அன்றும் அவள் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து டவுன் பஞ்சாயத்து பில் கலெக்டர் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். வீட்டு வரியைத் திருத்துகிற வருடமாம். "அண்ணே, இந்த வீட்ட வாடகைக்கு விட்டா மாசம் எம்புட்டுக்குப் போகும்? ஒரு கணக்குக்குத்தான்" என்றார்.

அய்யா சம்பந்திகளின் முகத்தைப் பார்த்தார். "முன்னூறு குடுத்தாலும் விடமாட்டேன் தம்பி. போடியிலருந்து ஒரு பெரிய யாவாரி வந்து கெஞ்சிட்டுப் போனாரு" என்றார். எந்த வியாபாரியும் வரவில்லை. போடிக் கடைத்தெருவில் கடையோடு சேர்ந்த வீடே அந்த வாடகைக்குப் போகாத காலம் அது. அடுப்படியில் மதினி என் தொடையைக் கிள்ளி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பில் கலெக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். கையெழுத்துக் கேட்டார். அய்யா சம்பந்திகளுக்குத் தெரிகிற மாதிரி ரிஜிஸ்டரை மடியில் வைத்து, நீட்டி நெளித்துக் கையெழுத்துப் போட்டார். கல்யாணம் அன்றைக்கே பேசி முடிந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தெருவுக்கு நோட்டீசு வந்தது. வீட்டு வரியை அந்த வீடு என்ன வாடகைக்குப் போகும் என்று பார்த்துத்தான் போடுவார்கள். எங்கள் தெருவில் வாடகை என்ற பேச்சே கிடையாது. ஆக ஆபீசுக்குக் கிடைத்த ஒரே வாடகை, அய்யா வாயிலிருந்து விழுந்த அந்த முந்நூறு. மச்சு வீட்டுக்கு முந்நூறு என்றால் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு நூறாவது போகாதா என்று யாரோ ஒரு புத்திசாலி உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டார். ஓட்டு வீடுகளுக்கெல்லாம் வரி மூன்று மடங்காகிவிட்டது. அய்யா எங்கள் வீட்டு வரியை முணுமுணுக்காமல் கட்டினார். கட்டாமல் வேறென்ன செய்வார்? ஆனால் மதினி அன்றாடம் காய் பொறுக்கி அன்றாடம் உலை வைக்கிறவள். அவள் புருசன் குரங்கணிப் பாதையில் ஜீப்பு கவிழ்ந்ததில் இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த இரண்டு அறை வீடு அவள் அம்மா கொடுத்தது. அது ஒன்றுதான் அவளுடையது.

போடியில் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். வீட்டு வரி மனு என்றால் அவர்களுக்கு இளக்காரம். குமாஸ்தாவே விரட்டிவிடுவார். அப்படி விரட்டப்பட்டவர்கள்தான் வக்கீலம்மாவிடம் போவார்கள். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவரின் மகள். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகாதவர். கொலை கேசு, சொத்துக் கேசு எதுவும் பெண்பிள்ளையிடம் போகாது. கழித்துப் போட்டதெல்லாம் இவரிடம் வரும். கழித்துப் போட்டதை இவர் வேறு யாரும் செய்யாத அக்கறையோடு செய்வார். அந்த அநியாயம்கூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீடு வீடாக ஏறி, சுவர் மண்ணா செங்கலா, ஓடு எத்தனை உடைந்திருக்கிறது, குழாய் இருக்கிறதா, கக்கூசு இருக்கிறதா என்று எழுதினார். வரியைக் கட்டிய ரசீது இல்லாமல் மனுவை விசாரிக்க மாட்டோம் என்றது ஆபீசு. அநியாயம் என்று சொல்வதற்கே முதலில் அநியாயத்தைக் கட்ட வேண்டும்! மதினி காதுத் தோட்டை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டினாள்.

எல்லாம் எழுதி முடித்து வக்கீலம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே அய்யாவிடம் கேட்டார்: "அய்யா, ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அன்னைக்கு விருந்தாளிக இருந்தாக, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்னு. தெருவே பொழைச்சுக்கும்." அய்யாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "சம்பந்தி முன்னாடி சொன்ன வார்த்தைய நானே பொய்யின்னு எழுதித் தரணுமா? அவுக காதுல விழுந்தா எம்மகளுக்கு என்ன கதி? தெருச்சனம் மனுப் போடட்டும், நான் வேணாங்கல. என்னைய இழுக்காதீக" என்றார். வக்கீலம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அய்யா கெட்டவர் இல்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். மதினி வீட்டுக்கு மழைக்காலத்தில் அரிசி கொடுத்து அனுப்பியவர்தான். அரிசி கொடுப்பார். ஒரு பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ள மட்டும் மாட்டார். அந்த அரிசியை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது.

மறுநாள் தையல்காரரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்சு ஏறிப் போடிக்குப் போனேன். "நானும் அங்கதான் இருந்தேன். என் காதால கேட்டேன். நான் வந்து சொல்றேன்" என்றேன். வக்கீலம்மா பேனா மூடியைத் திறந்தார். "கல்யாணத்துக்கு எத்தன நாள் கெடக்கு?" என்றார். இருபது நாள் என்றேன். அவர் கைப்பட ஒரு தாளில் நான் சொன்னதை எழுதினார். கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நானாக முடிவெடுத்துப் போட்ட முதல் கையெழுத்து அது. "இது போதும். விசாரணை அன்னைக்கு நீ வரவேணாம். வீட்டுலயே இரு" என்று இரண்டு தடவை சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

விசாரணை நாளில் போனேன். எப்படிப் போகாமல் இருப்பது? எனக்குத் தைரியம் உண்டு என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அய்யா தோட்டத்துக்குப் போயிருந்தார். பஞ்சாயத்து ஆபீசு முற்றத்துப் பெஞ்சில், தெருப் பெண்களுக்கு நடுவில், கையில் பரிசப் பணத்தில் வாங்கிய புது வளையலோடு போய் உட்கார்ந்தேன். உள்ளே அதிகாரி காகிதத்தைப் புரட்டிக்கொண்டு, "அந்தத் தெருவுல வாடகை அதிகம்னு வீட்டுக்காரரே எழுதிக் குடுத்திருக்காரேம்மா. இல்லைன்னு சொல்ல உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார். வக்கீலம்மா மதினியை முன்னால் கூப்பிட்டார். "அன்னைக்கு நீங்க அந்த வீட்டு அடுப்படியிலதான இருந்தீங்க? என்ன பேசுனாங்க, சொல்லுங்க" என்றார். மதினி திரும்பி ஒரு தடவை முற்றத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் அடுப்படியில சோலியா இருந்தேன் தாயி. எனக்கு ஒண்ணும் காதுல விழல" என்றாள்.

அதிகாரியைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று நினைத்தேன். சரி, இப்போது என் தாளை எடுப்பார் என்று எழுந்து நின்றேன். வக்கீலம்மா என்னைப் பார்த்தார். பிறகு காகிதக் கட்டை மூடிக் கயிற்றைச் சுற்றினார். "வேற சாட்சி இல்லைங்க" என்றார். நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனு தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் அவரை மறித்தேன். "என் தாளு எங்க? ஏன் குடுக்கல?" "குடுத்தா உன் கல்யாணம் நின்னுரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்." "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" அவர் கோட்டைக் கழற்றி மடித்தார். சின்ன வயதில் அவருக்குப் பேசி முடித்திருந்த நிக்காஹ், அவர் கோர்ட்டில் நின்றதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் விலகியதால் நின்றுபோனது. அது போடியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தன் காயத்துக்கு என் காலில் கட்டுப் போட்டார் இந்த அம்மா என்று அன்றைக்கு நினைத்தேன். அய்யா என்னைக் கேட்கவில்லை, சம்பந்திகள் கேட்கவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணாவது கேட்பாள் என்று நம்பிப் போனேன். அவரும் கேட்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பஸ்சுக்கு நடந்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. முதல் ஆடிக்கு என்னை அழைத்து வந்தபோது எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. வரிப் பாக்கிக்காக மதினி வீட்டு அண்டாவையும் குடத்தையும் தையல் மிஷினையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பகல் நேரத்தில், தெருவே பார்க்க. அந்த மிஷினில்தான் அவள் ஓய்ந்த நேரத்தில் பாவாடை தைத்துக் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு, புருசனைக் கட்டிலோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டாள். வீட்டை வாங்கியது யார் என்று நான் கேட்கவில்லை. அய்யாவே சொன்னார்: "வேத்தாளு தெருவுக்குள்ள வந்துரக் கூடாதேன்னு நாந்தேன் வாங்கிப் போட்டேன்." அதில் காய் மூட்டை அடுக்கியிருந்தார்.

என் குடித்தனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கு மேல் அது பெறாது. என் வீட்டுக்காரருக்குக் கம்பத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. தூண் எண்ணத் தெரிந்த ஆட்களுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆறு வருடம் பொறுத்தேன். அய்யா இறந்த பிறகு ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தேன். ஜீவனாம்ச வழக்குப் போட வேண்டியிருந்தது. இந்தக் கேசையும் பெரிய வக்கீல்கள் எடுக்கவில்லை. யாரிடம் போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "இந்தக் கல்யாணத்தத்தானே காப்பாத்திக் குடுத்தீங்க?" என்றேன். அவர் பேனாவைத் திறந்து, "எந்தத் தேதியில வீட்ட விட்டு வந்தே, சொல்லு" என்றார். வழக்கை ஜெயித்தும் கொடுத்தார். நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரைக் குத்தினேன். ஒரு தடவைகூட அவர் திருப்பிச் சொன்னதில்லை.

ஒரே மகள் என்பதால் எதிர்வீடும் எனக்கு வந்திருந்தது. அதை மதினிக்கே எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். வக்கீலம்மா பத்திரத்தை எழுத ஒத்துக்கொண்டார், அவளை நேரில் பார்த்து விவரம் கேட்க வேண்டும் என்று கூடவே வந்தார். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு நாள் காலையில் இருவரும் ஜீப்பேறி மெட்டைத் தாண்டிப் போனோம். மதினி லயத்து வாசலில் நின்றாள். பாதித் தலை நரைத்திருந்தது. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், பையன் ஸ்டோரில் காய் உலர்த்துகிறான், மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள். "வாங்க வாங்க, சாயா குடிங்க" என்றாள். மலைக்கு அந்தப் பக்கம் காபி சாயாவாகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "இப்ப அந்த வீட்டுக்கு வரி எம்புட்டு?" சொன்னேன். சிரித்தாள். "எனக்கு வேணாம். எம்மக பேருக்கு எழுது. அவளுக்காச்சும் ஒரு கூரை இருக்கட்டும்" என்றாள். வக்கீலம்மா மகளின் முழுப் பெயரைக் கேட்டு எழுத ஆரம்பித்தார். அதோடு வந்திருக்கலாம். நான்தான் விடவில்லை. "அன்னைக்கு நீ மட்டும் வாயத் திறந்திருந்தா இதெல்லாம் ஆகியிருக்குமா மதினி? அந்த ஆபீசரு என்ன, புலியா?" என்றேன்.

மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆபீசருக்கா பயந்தேன்? நீ வந்து உக்காந்திருந்தியேடி. கைநெறையப் புது வளவி போட்டுக்கிட்டு. சொல்லணும்னுதேன் வந்தேன், வக்கீலம்மா வாய்ப்பாடு கணக்கா பத்துத் தடவ சொல்லிக் குடுத்திருந்தாங்க. திரும்பிப் பாத்தா நீ. தாயில்லாப் பிள்ள, கல்யாணத்துக்கு நாலு நாளு கெடக்கு. உங்க அய்யா சொன்னது பொய்யின்னு நான் உன் மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்லுவேன்? நாக்கு எழும்பல" என்றாள்.

வீட்டிலேயே இரு என்று வக்கீலம்மா இரண்டு தடவை சொன்னது இதற்குத்தான். மதினி சொல்லியிருப்பாள், மனு ஜெயித்திருக்கும், என் தாள் தேவைப்பட்டிருக்காது. நான் தைரியசாலி என்று காட்டப் போய் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வீட்டை இடித்திருக்கிறேன். வக்கீலம்மா பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" "அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்ட வந்து அழுதாங்க." "அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லல? இத்தன வருசமா உங்களத் திட்டித் தீத்தேனே!" அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "சொன்னா உன்னையே திட்டிக்குவே. என்னையத் திட்டுனா திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். இதிலும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இடத்திலேயே அவர் காலில் விழவும் தோன்றியது, அந்தப் பத்திரத்தைப் பிடுங்கிக் கிழிக்கவும் தோன்றியது.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போனது போகட்டும். நான் வாயத் தெறக்காததுக்கு நீயாச்சும் நல்லா இருக்கியா? அவரு நல்லா வச்சிருக்காரா?" என்றாள். மலைக்கு மேலே எந்தச் சேதியும் ஏறவில்லை போலிருக்கிறது. ஜீவனாம்சத் தீர்ப்பு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. வக்கீலம்மாவின் பேனா அந்த ஒரு முறை நின்றது. என்னைப் பார்க்காமல், தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணி மாதிரி வச்சிருக்காரு மதினி" என்றேன்.

மதினி முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். கையெடுத்து மலைச்சாமியைக் கும்பிட்டாள். வக்கீலம்மா மகளின் பெயரைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார்.

இன்று இருவரும் இல்லை. அந்த வீட்டில் மதினியின் மகள் குடியிருக்கிறாள். முன்பக்கம் ஒரு கடை எடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறாள், எங்கள் தெருவும் மாறிவிட்டது. எதிரெதிர் வீடு. நான் தனியாக இருப்பதை நாற்பது வருடமாகப் பார்க்கிறாள். என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் வேலை, பிறகு கம்பத்தில் வியாபாரம் என்று நானும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். அவள் நம்புகிறாளா, அம்மா சொல்லிவிட்டுப் போனதற்காக நம்புகிற மாதிரி இருக்கிறாளா, தெரியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் தட்டில் பலகாரம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, "அத்தே, மாமா நல்லா இருக்காகளா?" என்று கேட்கிறாள். நல்லா இருக்காரு என்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.